ஒரே ஒரு பாயின்ட்டில் கிடைத்த கோப்பை... இரண்டே ஆண்டில் ஐ-லீக்கில் காணாமல் போன கிளப்! சென்னை சிட்டி எஃப்சி-க்கு என்ன ஆச்சு?

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் கால்பந்து பேச்சை எடுத்தா, அது சீக்கிரமே ஆரியங்காவு கணவாயைத் தாண்டி கேரளாவுக்குப் போயிடும். பிளாஸ்டர்ஸ், கோகுலம்னு பேர் வந்து விழும். "ஏன், நம்ம தமிழ்நாட்டு டீம் இப்படி எதுவும் ஜெயிச்சதே இல்லையா?" என்று யாராவது கேட்டால், ரசிகர்கள் ஒரு தேதியைச் சொல்வார்கள். 2019 மார்ச் 9.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி என்ற கிளப் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. முந்தைய இரண்டு சீசனிலும் 8-வது இடத்தில் இருந்த அணி அது. ஆனால் இன்றைக்கு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த நாள் என்ன நடந்தது? அதற்கப்புறம் என்ன ஆனது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாச் சொன்னா...

• 2018-19 ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப்.

• 20 ஆட்டம். 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மொத்தம் 43 பாயின்ட்.

• இரண்டாவது இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42 பாயின்ட். வித்தியாசம் ஒன்றே ஒன்று.

• 2021-22 சீசனில் இருந்து ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை.

யார் இந்த சென்னை சிட்டி?

சென்னையின் உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப் இது. 2016-17 சீசனில் மினர்வா பஞ்சாப் அணியோடு சேர்ந்து நேரடியாக ஐ-லீக்குக்குள் வந்தது. பேர்தான் சென்னை. சொந்த மைதானமா வெச்சு ஆடினது எல்லாம் கோயம்புத்தூரில்.

இதுவே கொஞ்சம் விசித்திரமான நிலைமை. சென்னை ரசிகருக்கு அணி 500 கிலோமீட்டர் தள்ளி ஆடுது. கோவை ரசிகருக்கு அணியோட பேர்ல ஊர் இல்ல. இருந்தாலும் ஜெயிக்க ஆரம்பிச்சதும் கோவைக்காரங்க இதை நம்ம டீம்னு எடுத்துக்கிட்டாங்க.

'சென்னையின் எஃப்சி' வேற, 'சென்னை சிட்டி எஃப்சி' வேற. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. சென்னையின் எஃப்சி, ஐ.எஸ்.எல். தொடரில் ஆடும் அணி. அபிஷேக் பச்சன், தோனி என்று பிரபலமான உரிமையாளர்கள். 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றார்கள். சென்னை சிட்டிக்கு அந்த மாதிரி வெளிச்சம் எதுவும் கிடையாது. அதனால்தான் அவர்களின் வெற்றியை ரசிகர்கள் தனியாக எடுத்துப் பேசுகிறார்கள்.

யாரும் எதிர்பார்க்காத டீம்னு ஏன் சொல்றாங்க?

கணக்கைப் பாருங்க. 2016-17-ல் 10 அணிகளில் 8-வது இடம். 2017-18-லும் 10 அணிகளில் 8-வது இடம். கீழே இறங்கிடாம தப்பிச்சா போதும்னு இருந்த அணி அது.

எதிரே இருந்தது யாரு? 1889-ல் தொடங்கிய மோகன் பகான். 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். புதுசா வந்து கலக்கிய ரியல் காஷ்மீர். மொத்தம் 11 அணிகள்.

இந்த வரிசையில் சென்னை சிட்டி வித்தியாசமா ஒரு வேலை செய்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. இந்தியாவில் அப்போது யாருக்கும் தெரியாத பெயர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் மாதிரி நம்ம ஊர்ப் பசங்க.

பந்தை மேலே தூக்கி அடிச்சுட்டு ஓடுற ஆட்டம் இல்ல இது. கீழேயே வெச்சு, சின்னச் சின்ன பாஸ்ல முன்னேறுற ஆட்டம். உருகுவேயில் பிறந்த மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடித்ததால், அதிக கோல் பட்டியலில் இருவரும் சமம்.

சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்க முன்வந்தது. ஐரோப்பாவில் பேர் போன கிளப், நம்ம ஊர் டீம்ல பணம் போடுதுன்னா சும்மாவா? எல்லாம் நல்லபடியா போய்க்கிட்டு இருந்துச்சு.

லீக்கா, கோப்பையா? என்ன வித்தியாசம்?

நாக்-அவுட் போட்டியில் ஒரு நாள் நல்லா ஆடினா பெரிய அணியை வீழ்த்திடலாம். தோற்றால் வெளியே, ஜெயிச்சா அடுத்த சுற்று. ஐந்தாறு ஆட்டத்தில் கோப்பை கையில்.

லீக் அப்படி இல்லை. எல்லா அணியோடும் இரண்டு முறை ஆடணும். ஒன்று நம்ம ஊரில், ஒன்று அவங்க ஊரில். வெற்றிக்கு 3 பாயின்ட், டிராவுக்கு 1. ஐந்து மாதம், 20 ஆட்டம். அதிர்ஷ்டம் ஒரு நாள் கைகொடுக்கும். 20 நாளும் கைகொடுக்காது. அதனால்தான் சின்ன கிளப் லீக் பட்டம் ஜெயிப்பது அபூர்வம்.

மார்ச் 9: ஒரே நேரத்தில் இரண்டு ஊர், இரண்டு ஆட்டம்

கடைசி நாளுக்கு முன்னாடியே சென்னை சிட்டி பட்டத்தை உறுதி செய்திருக்கலாம். ஆனால் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றது. விளைவு, கடைசி நாளில் நிலவரம் இதுதான்.

சென்னை சிட்டி: 40 பாயின்ட்
ஈஸ்ட் பெங்கால்: 39 பாயின்ட்

சென்னை சிட்டிக்கு கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். ஈஸ்ட் பெங்காலுக்கு கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். சென்னை சிட்டி ஜெயித்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். டிரா செய்தாலோ தோற்றாலோ, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் பட்டம் கொல்கத்தாவுக்கு.

ஈஸ்ட் பெங்காலுக்கும் இது சாதாரண நாள் இல்லை. அவர்கள் கடைசியாக தேசிய லீக் வென்றது 2003-04-ல். 15 வருஷக் காத்திருப்பு.

கோவையில் ஆட்டம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினர்வா வீரர் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். 0-1. ஸ்டேடியம் அப்படியே அமைதி. இடைவேளை வரைக்கும் அதே நிலைதான். அந்த நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் அடிச்சிருந்தா போதும், பட்டம் அவங்க பக்கம் சாய்ந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் சென்னை சிட்டிக்கு பெனால்டி. மான்சி அடித்தார். 1-1. அதற்குப் பிறகு கோல் அடித்தவர் யார் தெரியுமா? மான்சி இல்லை, கோர்டில்லோ இல்லை. தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா. 2-1.

அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலம்தான் முதலில் கோல் அடித்தது. கோவையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் அது நீடிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் அடித்து 2-1 என்று முன்னேறியது.

இப்போ கணக்கு எப்படி மாறுதுன்னு பாருங்க:

• ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42 பாயின்ட்.
• சென்னை சிட்டி 2-1 என்று முடித்தால் 43 பாயின்ட். சாம்பியன்.
• மினர்வா ஒரே ஒரு கோல் அடித்து 2-2 ஆக்கினால் சென்னை சிட்டிக்கு 41 பாயின்ட். ஈஸ்ட் பெங்கால் சாம்பியன்.

அதாவது ஐந்து மாத உழைப்பு ஒரே ஒரு கோலில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் கோல் அடித்தார். 3-1. அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மான்சியின் 21 கோல் பேசப்படும் அளவுக்கு போராவின் அந்த இரண்டு கோலும் இன்றும் பேசப்படுவது இதனால்தான். சீசன் முழுக்க முன்வரிசை ஆட்டக்காரர்கள் கொண்டு வந்து சேர்த்ததை, கடைசி நாளில் கரை சேர்த்தது ஒரு தற்காப்பு வீரர்.

ஐ.எஸ்.எல். சாம்பியனையும் விடல

"ஐ-லீக் தானே, ஐ.எஸ்.எல். டீம்கிட்ட ஆடிப் பார்க்கட்டும்" என்று சொன்னவர்களும் உண்டு. அதற்கும் சீக்கிரமே பதில் கிடைத்தது.

இரண்டு தொடரின் அணிகளும் மோதும் சூப்பர் கோப்பை புவனேஸ்வரில் நடந்தது. காலிறுதியில் சென்னை சிட்டிக்கு எதிரே பெங்களூரு எஃப்சி. அந்த மார்ச் மாதம்தான் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற அணி, சுனில் சேத்ரியின் அணி. சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 0-3 என்று தோற்றாலும், பட்டம் அதிர்ஷ்டத்தில் வந்தது இல்லை என்பதை அந்த ஆட்டம் காட்டிவிட்டது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

இங்கதான் கதை மாறுது.

முதல் காரணம், லீக்கின் அந்தஸ்து. 2019-20 முதல் ஐ.எஸ்.எல்.தான் இந்தியாவின் முதல்நிலை லீக் என்று முடிவானது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. ஐ-லீக் ஜெயிச்சவங்களுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு கடைசியாகக் கிடைத்தது சென்னை சிட்டிக்குத்தான். 2020 ஜனவரியில் பஹ்ரைன் போய் தகுதிச்சுற்றில் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2 டிரா. உடனே கொரோனா. அந்தத் தொடரே ரத்தானது.

இரண்டாவது காரணம், ஆட்டக்காரர்கள். ஒரு சின்ன கிளப் ஜெயிச்சா பெரிய கிளப்புகள் முதலில் பார்ப்பது அதோட ஆட்டக்காரர்களைத்தான். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்சி-க்கு. வான்ஸ்பால் சென்னையின் எஃப்சி-க்கு. ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கு. அஜித்குமார் பெங்களூரு எஃப்சி-க்கு. அவங்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மேடை, நல்ல சம்பளம், யார்தான் வேண்டாம்னு சொல்வாங்க?

மூன்றாவது காரணம், மைதானம். 2020-21 ஐ-லீக் கொரோனாவால் முழுக்க முழுக்க மேற்கு வங்கத்திலேயே நடந்தது. கோவை ரசிகர் தன் அணியை நேரில் பார்க்கவே முடியவில்லை. அந்த சீசனில் 11 அணிகளில் முதல் 6 இடத்துக்குள் வராமல், கீழ்ப் பிரிவில் ஆடி முடித்தது சென்னை சிட்டி.

அடுத்த சீசன், 2021-22. ஐ-லீக்கில் 13 அணிகள். அதில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை தூக்கி முழுசா மூணு வருஷம்கூட ஆகல.

ஒரு கிளப் நிலைச்சு நிக்க என்ன வேணும்?

மைதானத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது. தேசிய அளவில் ஆடும் கிளப்புக்கு 'கிளப் லைசென்ஸ்' என்று ஒரு அனுமதி தேவை. ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் விதிகள்படி ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

1. விளையாட்டு: இளையோர் அணிகள், பயிற்சித் திட்டம் இருக்கிறதா?

2. கட்டமைப்பு: ஆட்டம் நடத்தவும் பயிற்சி செய்யவும் தகுதியான மைதானம் இருக்கிறதா?

3. ஆட்கள்: தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர், மருத்துவர், நிர்வாகிகள் இருக்கிறார்களா?

4. சட்டம்: கிளப் யாருடையது, முறையான பதிவு இருக்கிறதா?

5. நிதி: கணக்கு வழக்கு சரியா? ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி உண்டா?

இந்த ஐந்தில் நான்கு, ஸ்கோர்போர்டில் தெரியவே தெரியாது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கும் டிவி உரிமைப் பணத்தில் பெரிய பங்கு வரும். இங்கே அப்படி இல்லை. ஒரு சின்ன கிளப்பின் செலவு பெரும்பாலும் உரிமையாளர் பையில் இருந்தும் ஸ்பான்சரிடம் இருந்தும்தான் வரணும். பயணம், தங்கும் இடம், சம்பளம், மைதான வாடகை எல்லாம் சேர்ந்து ஏறும். கோப்பை ஜெயிச்சா அந்தச் செலவு குறையாது, கூடத்தான் செய்யும். ஏன்னா நல்ல ஆட்டக்காரரைத் தக்க வைக்க சம்பளத்தை ஏத்தணும்.

மத்த ஊர்ல என்ன நடந்துச்சு?

சின்ன அணியின் வெற்றி, ரசிகர் நினைவில் மட்டும் தங்குமா, கிளப்பையும் தூக்கி நிறுத்துமா? இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

மோகன் பகான், 1911: வெறுங்காலோடு ஆடிய வங்காள இளைஞர்கள் ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வீழ்த்தினார்கள். அன்றைக்கு அவங்கதான் சின்ன அணி. இன்றைக்கு நாட்டின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. ஜூலை 29-ஐ இன்னும் 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடுகிறார்கள்.

ஐசால் எஃப்சி, 2017: மிசோரம் அணி. முந்தைய சீசனில் கீழே இறக்கப்பட்டு, மறுபடி சேர்க்கப்பட்டு, அடுத்த சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஊரே பின்னால் நிற்கும் கிளப் என்பதால் பட்டத்துக்குப் பிறகும் ஐ-லீக்கில் தொடர்ந்தது.

லெஸ்டர் சிட்டி, 2016: 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டப்பட்ட அணி, பிரீமியர் லீக் வென்றது. 2021-ல் எஃப்.ஏ. கோப்பையும் வென்றது. 2023-ல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. இறங்கினாலும் கிளப் இருக்கு. ஸ்டேடியம் இருக்கு. ரசிகர் போக ஒரு இடம் இருக்கு.

நம்ம தென் மாவட்டத்திலும் ஒரு உதாரணம் உண்டு. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி. அதே 2019, மே மாதம், லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. யோசிச்சுப் பாருங்க, மார்ச்சில் ஆண்கள் ஐ-லீக், மே மாதம் பெண்கள் லீக். மூன்றே மாதத்துக்குள் இரண்டு தேசியப் பட்டமும் தமிழ்நாட்டுக்கு! ஆண்கள் பட்டம் வென்ற கிளப் லீக்கில் இல்லாமல் போன பிறகும், சேது எஃப்சி பெண்கள் லீக்கில் தொடர்ந்து ஆடி வருகிறது.

தென்காசிக்காரங்களுக்கு இதுல என்ன?

தூரத்தைப் பார்த்தாலே புரியும். தென்காசியில் இருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கோவை 300-க்கு மேல். திருவனந்தபுரமோ சுமார் 110 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. இன்றைக்கும் சந்தை, வேலை, சபரிமலை சீசன் என்று எல்லாத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து உண்டு. கால்பந்தும் அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் வருது. மேற்கே மழை பெஞ்சா குற்றாலத்துல அருவி விழுற மாதிரி.

கேரளாவில் 2024-ல் ஆறு அணிகளோடு 'சூப்பர் லீக் கேரளா' தொடங்கியது. அதில் திருவனந்தபுரத்துக்கு என்று கொம்பன்ஸ் எஃப்சி இருக்கிறது. ஊருக்கு ஒரு அணி, அதுக்கு ஒரு மைதானம் என்ற யோசனைதான் அது. நெல்லை, தென்காசி, குமரி மாவட்ட ரசிகர் டிக்கெட் வாங்கி, பஸ் ஏறிப் போய், அன்னைக்கே வீடு திரும்புற தூரத்தில் தமிழ்நாட்டுக்கென்று தேசிய ஆண்கள் லீக் அணி எதுவும் இல்லை.

ஆட விரும்பும் பசங்களுக்கு வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உண்டு. மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை போகும் முதலமைச்சர் கோப்பையில் கால்பந்தும் உண்டு. ஆனால் அங்கே ஜெயித்த பையன் அடுத்து எந்த அணியில் சேருவான்? இந்தக் கேள்விக்கு 2019-ல் ஒரு பதில் இருந்தது. வான்ஸ்பாலும் ரொமாரியோவும் அஜித்குமாரும் பெரிய கிளப்புகளின் கண்ணில் பட்டதே சென்னை சிட்டி ஜெர்சியில்தான். அந்த ஏணியில் ஒரு படி இப்போது இல்லை.

ரசிகர்கள் ஏன் இன்னும் பேசுறாங்க?

அந்த அணிக்காகக் கத்த இப்போது ஆட்டம் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லவும் முடியாது. மிச்சம் இருப்பது அந்த ஒரு சீசன்தான். மான்சியின் கோல்கள், போராவின் கடைசி நேர அடி, கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துத் தவித்த அந்த அரை மணி நேரம்.

தமிழ்நாட்டு கிளப் ஒன்று தேசிய லீக்கை வெல்ல முடியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. அது 43 பாயின்ட்டோடு பதிவாகிவிட்டது. வென்ற கிளப்பை வென்ற ஊரிலேயே நிற்க வைக்க முடியுமா என்பதுதான் பாக்கி. அடுத்த முறை ஒரு சின்ன அணி கோப்பையைத் தூக்கும்போது, அதுக்கு மைதானம் யாருடையது, இளையோர் அணி இருக்கா, சம்பளத்துக்கு வழி என்ன என்பதையும் சேர்த்தே கேட்டுப் பார்ப்பது நல்லது.